தமிழ் ஆவணங்களுக்கு நிகழ்தகவு வழித் தேடல் அமைப்பை உருவாக்குவது எப்படி: ஆய்வு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தகவல் மீட்டெடுப்பு (ஆவணத் தொகுப்பிலிருந்து தேவையானதைத் தேடி எடுத்தல்) ஆய்வில் இறங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எந்த மாதிரியை, அதாவது ஆவணங்களை வரிசைப்படுத்தும் எந்தக் கணக்கு முறையைப் பயன்படுத்தலாம் என்பதுதான். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி நான்காம் படியில்தான் வருகிறது. நிகழ்தகவு மாதிரி எதுவானாலும், ஒரு சொல் தொகுப்பில் எவ்வளவு பரவலாக வருகிறது, ஓர் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது, ஆவணத்தின் நீளம் என்ன என்ற மூன்று எண்ணிக்கைகளைத்தான் அது உணவாகக் கொள்கிறது. தமிழில் இந்த எண்ணிக்கைகள் மாதிரியைச் சென்றடைவதற்கு முன்பே, எழுத்துக் குறியீட்டிலும் வேற்றுமை உருபிலும் சந்தியிலும் சிதறிப் போகின்றன. ஆகவே உங்கள் காலத்தில் பாதியை மாதிரிக்கு முந்தைய வேலைக்கு ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கிண்டியிலோ தரமணியிலோ குரோம்பேட்டையிலோ முதுநிலை அல்லது முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் ஒருவர், சாதாரண மடிக்கணினி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தமிழ் ஆவணத் தொகுப்பு ஒன்றுக்குத் தேடல் அமைப்பை உருவாக்கி, அதன் தரத்தை அளந்து, பிறர் பயன்படுத்தும் சேவையாக நிறுத்துவது வரை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் யாவும் சென்னையின் ஏரிகள், ஆறுகள், வெள்ளம் பற்றிய தேடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

முதல் படி: ஆய்வுக் கேள்வி, தொகுப்பு, வினவல்கள்

"தமிழுக்கு நல்ல தேடுபொறி செய்தல்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "மூன்று சொற்களுக்கு மேற்படாத தமிழ் வினவல்களில், உருபு நீக்கம் முதல் பத்து முடிவுகளின் தரத்தை எவ்வளவு மாற்றுகிறது?" என்பது கேள்வி. பதில் எண்ணாக வர வேண்டும். மாற்றம் எதுவும் இல்லை என்ற பதிலும் பயனுள்ளதாக இருக்க வேண்டும்.

தொகுப்புக்கு 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா எளிய தொடக்கம். அதன் முழுத் தரவையும் தரவிறக்கிக்கொள்ளலாம். உரிமமும் தெளிவாக இருக்கிறது. பழைய நூல்களில் தேட விரும்புவோருக்குச் சென்னையிலேயே வளம் உண்டு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகமும் அச்சுப் பண்பாட்டின் பெரும் பகுதியை எண்ணிம வடிவில் காத்து வருகின்றன. ஆனால் படமாக வருடப்பட்ட நூல்களை உரையாக மாற்றும்போது "ர"வும் துணைக்காலும் இடம் மாறும். "எ", "ஏ" குழம்பும். அந்தப் பிழைகளை ஆராய்வது தனி ஆய்வு. முதல் முயற்சியிலேயே இரண்டையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

வினவல்களை எழுதும் வேலையை அமைப்பைக் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அமைப்பு என்ன தருகிறது என்று பார்த்த பிறகு எழுதப்படும் வினவல், எழுதியவரை அறியாமலேயே அந்த அமைப்புக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 1992இல் தொடங்கிய டிரெக் என்னும் தேடல் மதிப்பீடுகளில் ஆண்டுக்கு 50 வினவல்கள் என்பது வழக்கமான அளவு. நீங்களும் அதற்குக் குறையாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள் வேண்டும்: பயனர் தட்டும் இரண்டு மூன்று சொற்கள்; அவர் உண்மையில் என்ன அறிய விரும்புகிறார் என்ற ஒரு வாக்கியம்; எந்த ஆவணம் பொருந்தும், எது பொருந்தாது என்ற விளக்கம். மூன்றாம் பகுதியைச் சோம்பலால் விட்டுவிட்டால் ஐந்தாம் படியில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

இரண்டாம் படி: எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்

திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) அதைக் ககரமும் ஓர் ஒகரக் குறியுமாகச் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என மூன்று குறியெண்களாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒரே எழுத்து என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. என்எஃப்சி என்னும் இயல்பாக்க முறையை இயக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் அது ஒரே வரி. அந்த ஒரு வரி இல்லாத அமைப்பில் "கொசஸ்தலை" என்று தேடுபவருக்குத் தொகுப்பில் உள்ள ஆவணங்களில் ஒரு பகுதி கண்ணிலேயே படாது.

என்எஃப்சி தீர்க்காத சிக்கல்களும் உண்டு. "ஔவை" என்பதைப் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவை" என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தரத்தின்படி அவை வேறு எழுத்துகள். "ஸ்ரீ"யையும் இரண்டு வகையாகக் குறியேற்றலாம். சொற்களின் நடுவே கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகள் ஒளிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் நீங்களே விதிகள் எழுத வேண்டும். பழைய கோப்புகள் டிஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் இருந்தால் முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியையும், டேஸ்16 என்னும் 16 பிட் தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது என்பதை நினைவில் வைத்தால், அதற்கு முந்தைய கோப்புகள் ஏன் இத்தனை வடிவங்களில் இருக்கின்றன என்பது விளங்கும்.

இந்தப் படி சரியாக முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை போதும். தொகுப்பில் உள்ள எல்லாக் குறியெண்களையும் எண்ணி, மிகக் குறைவாக வருவனவற்றைக் கையால் பாருங்கள். ஒழுங்கற்றவை எல்லாம் அந்தப் பட்டியலின் அடியில்தான் கிடக்கும்.

மூன்றாம் படி: சொற்களைப் பிரித்து, உருபுகளைக் கையாளுதல்

தமிழ்த் தேடலின் கடினமான பகுதி இதுதான். "ஏரிகளிலிருந்தும்" என்ற ஒரு சொல்லில் ஏரி, கள், இல், இருந்து, உம் என ஐந்து உறுப்புகள் அடுக்கப்பட்டுள்ளன. "செம்பரம்பாக்கம்" என்பது "செம்பரம்பாக்கத்தில்", "செம்பரம்பாக்கத்திலிருந்து", "செம்பரம்பாக்கத்தின்" என்று சாரியை பெற்றுத் திரியும். "ஆறு" என்பது "ஆற்றில்" என்று இரட்டிக்கும்.

இது எண்ணிக்கையை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். 10,000 ஆவணங்கள் கொண்ட தொகுப்பில் செம்பரம்பாக்கத்தைப் பற்றி 20 ஆவணங்கள் பேசுகின்றன என்றும், அவற்றுள் 8இல் மட்டுமே உருபு ஏற்காத வடிவம் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உருபு நீக்காத அமைப்பில் அந்தச் சொல்லைத் தேடுபவர் 12 ஆவணங்களை உடனே இழக்கிறார். இழப்பு அதோடு நிற்பதில்லை. அடுத்த படியில் காணப்போகும் வாய்பாட்டின்படி, 20 ஆவணங்களில் வரும் சொல்லின் எடை சுமார் 6.19, 8 ஆவணங்களில் மட்டும் வருவதாக எண்ணினால் அது 7.07 ஆகிவிடும். அதாவது, அந்தச் சொல் உண்மையில் இருப்பதைவிட அரிதானது என்று அமைப்பு நம்பத் தொடங்குகிறது. பல சொல் வினவலில் மற்றச் சொற்களைவிட அதற்குத் தேவைக்கு மீறிய செல்வாக்குத் தருகிறது.

உருபு நீக்கும் விதிகளை நீளமானதிலிருந்து குட்டையானதற்கு என்ற வரிசையில் எழுதுங்கள்: முதலில் "இலிருந்து", பிறகு "இல்". சாரியை பெற்ற வடிவங்களை மீட்கும் விதிகளும் வேண்டும்: ஈற்றில் "த்து" நின்றால் "ம்" ஆக்குதல், "ற்று" நின்றால் "று" ஆக்குதல் என்பது போல. ஆனால் ஒவ்வொரு விதியையும் தொகுப்பின் சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "ஆற்றில்" என்பதை "ஆறு" ஆக்கும் விதியைச் சற்றுத் தளர்வாக எழுதினால் "ஆற்றல்" என்பதும் ஆறாகிவிடும். அதைவிடச் சிக்கலானது "கடலை". மெரினாவின் "கடலை" என்பது கடல் என்ற சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்ற வடிவம். எண்ணெய் ஆட்டும் "கடலை" தனிப் பெயர். வடிவத்தை மட்டும் பார்க்கும் எந்த விதியாலும் இதைப் பிரிக்க முடியாது. அத்தகைய சொற்களை இரு வடிவங்களிலும் அடைவில் (எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்ற பட்டியலில்) சேர்த்து, எது பொருத்தம் என்பதை வினவலில் உள்ள மற்றச் சொற்களின் வழியே மாதிரி முடிவு செய்யும்படி விடுவதே நல்லது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, வல்லினம் மிகுதல். "ஏரியை" என்ற சொல், அடுத்து வரும் சொல்லைப் பொறுத்து "ஏரியைக்", "ஏரியைச்", "ஏரியைத்", "ஏரியைப்" என்று நான்கு கூடுதல் வடிவங்கள் பெறும். ஈற்று வல்லின மெய்யை நீக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் "பேஸ்புக்", "பார்க்" போன்ற சொற்கள் சிதையும். அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கும்போது மட்டும் நீக்கினால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும். ஆகவே சந்தி நீக்கத்தை, சொற்கள் வாக்கியத்தில் அடுத்தடுத்து இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தனித்தனிச் சொற்பட்டியலாக்கிய பிறகு செய்ய முடியாது.

"நீர்மட்டம்", "நீர் மட்டம்" என்று சேர்த்தும் பிரித்தும் எழுதப்படும் சொற்களுக்கு, அடுத்தடுத்த இரு சொற்களை இணைத்த வடிவத்தையும் அடைவில் சேர்ப்பது எளிய வழி.

ஊர்ப்பெயர்களுக்குச் சென்னையில் தனிக் கவனம் தேவை. பூந்தமல்லி என்பவரும் பூவிருந்தவல்லி என்பவரும், எழும்பூர் என்பவரும் எக்மோர் என்பவரும், திருவல்லிக்கேணி என்பவரும் டிரிப்ளிகேன் என்பவரும் ஒரே இடத்தைத்தான் தேடுகிறார்கள். 1996இல் பெயர் மாறுவதற்கு முந்தைய ஆவணங்களில் மெட்ராஸும் மதராஸும் வரும். இப்படிப்பட்ட பெயர்களுக்கு ஒரு சிறிய பட்டியல் தயாரித்து, எல்லா வடிவங்களையும் ஒரே சொல்லாக எண்ணுங்கள். வினவலில் மட்டும் மாற்றுப் பெயர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி எடை வரும். அரிதாக எழுதப்படும் வடிவம் காரணமின்றி மேலே ஏறும்.

விதிகளின் பயனை நிரூபிக்க ஓர் எளிய ஒப்பீடு கட்டாயம் வேண்டும். சொல்லின் முதல் நான்கு அல்லது ஐந்து எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும் முறையை இயக்கிப் பாருங்கள். எழுத்து என்று நான் சொல்வது குறியெண்ணை அன்று. "கொ" ஓர் எழுத்து. பாடுபட்டு எழுதிய விதிகள் இந்த வெட்டு முறையைத் தோற்கடிக்கவில்லை என்றால், அந்த விதிகளை ஆய்வுக் கட்டுரையில் பெருமையாக எழுத இடமில்லை.

நான்காம் படி: நிகழ்தகவு மாதிரி

1960இல் மேரனும் கூன்ஸும் முன்வைத்த எண்ணம் எளியது: ஓர் ஆவணம் பயனருக்குப் பொருந்துமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, எனவே பொருந்துவதற்கான நிகழ்தகவை மதிப்பிட்டு, அந்த வரிசையில் ஆவணங்களைக் காட்ட வேண்டும். ஸ்டீபன் ராபர்ட்சன் 1977இல் இதையே நிகழ்தகவு வரிசைக் கொள்கையாக வகுத்தார். ஓர் ஆவணத்தின் பயன் மற்ற ஆவணங்களைச் சார்ந்திராது என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது. ஒரே செய்தி பல இடங்களில் மறுபதிப்பாகும் தொகுப்புகளில் அந்த அனுமானம் பொய்த்துவிடும் என்பதால், நகல் ஆவணங்களைத் தொடக்கத்திலேயே களைந்துவிடுங்கள்.

சொற்கள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் தனி எடை கிடைக்கும். ராபர்ட்சனும் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸும் 1976இல் தந்த எடை, பொருந்தும் ஆவணங்களிலும் பொருந்தாதவற்றிலும் அந்தச் சொல் வரும் வாய்ப்புகளை ஒப்பிடுகிறது. எது பொருந்தும் என்ற தகவல் எதுவும் இல்லாதபோது அந்த எடை, ஸ்பார்க் ஜோன்ஸ் 1972லேயே வேறு வழியில் கண்டிருந்த ஐடிஎஃப் அளவை (குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்குக் கூடுதல் எடை தரும் அளவை) நெருங்குகிறது. அனுபவத்தில் பிறந்த அளவுக்குப் பின்னால் நிகழ்தகவு அடிப்படை இருந்தது என்று தெரிய வந்தது இந்தத் துறையின் அழகான முடிவுகளில் ஒன்று. அந்த வருவித்தலை ஒருமுறையாவது தாளில் உங்கள் கையால் எழுதிப் பாருங்கள்.

இன்று பரவலாகப் பயன்படும் வாய்பாடு பிஎம்25. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஓகாபி தேடல் அமைப்பிலிருந்து வளர்ந்து, 1994இல் டிரெக் மதிப்பீட்டில் தன்னை நிலைநாட்டியது. அதன் இரு பகுதிகளையும் கையால் கணக்கிடுவோம்.

முதல் பகுதி, சொல் எவ்வளவு அரிது என்பது. மொத்த ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் உள்ள ஆவணங்களைக் கழித்து 0.5 கூட்டுங்கள், அதைச் சொல் உள்ள ஆவணங்களோடு 0.5 கூட்டிய எண்ணால் வகுங்கள். வந்ததோடு 1 கூட்டி இயல் மடக்கை எடுங்கள். 10,000 ஆவணங்களில் "ஏரி" 400இல் வந்தால் எடை 3.22; "செம்பரம்பாக்கம்" 20இல் வந்தால் 6.19. ஆகவே "செம்பரம்பாக்கம் ஏரி" என்ற வினவலில் ஊர்ப்பெயர் ஏறக்குறைய இரு மடங்கு பேசும்.

இரண்டாம் பகுதி, ஓர் ஆவணத்துக்குள் சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்கானது. இந்த எண்ணிக்கையின் தாக்கத்தைக் கட்டுப்படுத்தும் கே1 என்ற அளபுரு (நாம் அமைக்கும் எண்) 1.2 என்றும், ஆவண நீளத்தின் தாக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி என்ற அளபுரு 0.75 என்றும் கொண்டால், சராசரி நீளமுள்ள ஆவணத்தில் ஒரு முறை வரும் சொல்லுக்கு 1.00, இரு முறை வந்தால் 1.38, ஐந்து முறைக்கு 1.77, பத்து முறைக்கு 1.96 கிடைக்கும். எத்தனை முறை வந்தாலும் 2.2ஐத் தாண்டாது. இந்தத் தேக்கம்தான் பிஎம்25இன் உயிர். "ஏரி, ஏரி" என்று திரும்பத் திரும்ப எழுதிய ஆவணம், ஏரியோடு செம்பரம்பாக்கத்தையும் ஒரு முறை குறிப்பிடும் ஆவணத்தை எளிதில் முந்த முடியாது. ஆவணம் சராசரியைப் போல இரு மடங்கு நீளமானால், இரு முறை வரும் சொல்லின் மதிப்பு 1.38இலிருந்து 1.07ஆகக் குறையும்.

நீளத்தை எதில் அளப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். சேர்த்து எழுதும் வழக்கமுள்ளவரின் கட்டுரையில் சொற்கள் குறைவாகவும், பிரித்து எழுதுபவரின் கட்டுரையில் அதிகமாகவும் இருக்கும். உள்ளடக்கம் ஒன்றாகவே இருக்கலாம். பி அளபுருவை உங்கள் தொகுப்பில் 0.3 முதல் 0.9 வரை மாற்றிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆங்கிலத் தொகுப்புகளில் சரியாக அமைந்த எண் இங்கும் அமையும் என்று கருதக் காரணமில்லை.

மாற்று வழி, மொழி மாதிரி. 1998இல் போன்டேயும் கிராஃப்டும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இந்த ஆவணத்தை எழுதியவர் இந்த வினவலையும் எழுதியிருப்பதற்கான நிகழ்தகவு என்ன? வினவலின் ஒரு சொல் ஆவணத்தில் இல்லையென்றால் சொற்களின் நிகழ்தகவுகளைப் பெருக்கி வரும் மதிப்பும் சுழியாகிவிடும் என்பதால், தொகுப்பு முழுவதிலும் அந்தச் சொல்லுக்குள்ள பங்கிலிருந்து சிறிது கடன் வாங்கிச் சமன்படுத்த வேண்டும். ஜாயும் லாஃபர்ட்டியும் 2001இல் இந்தச் சமன்படுத்தல் முறைகளை ஒப்பிட்டார்கள். அவற்றுள் ஒன்றான டிரிச்லே முறையைக் குட்டையான வினவல்களுக்கு முதலில் முயலலாம். சமன்படுத்தல் என்ற கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஏழாம் படியில் சேவைகளின் நம்பகத்தை மதிப்பிடும்போது அது மீண்டும் தேவைப்படும்.

தரவிலிருந்து கற்கும் நரம்பியல் மாதிரிகள் வந்த பிறகு இவை எதற்கு என்று கேட்கலாம். 2021இல் வெளியான, தேடல் முறைகளைப் பல துறைத் தரவுகளில் சோதிக்கும் பெய்ர் ஒப்பீடு, பயிற்சித் தரவு இல்லாத புதிய துறைகளில் பிஎம்25 வலுவான அடிப்படையாக நிற்பதைக் காட்டியது. தமிழில் நாம் வேலை செய்யும் பெரும்பாலான தொகுப்புகள் அப்படிப்பட்டவைதான். பிஎம்25 தரும் முதல் 100 ஆவணங்களை நரம்பியல் மாதிரியால் மறுவரிசைப்படுத்துவது இன்று நியாயமான பாதை. அடித்தளம் இல்லாமல் நேரே அங்கே போகாதீர்கள்.

கருவியாக லூசீன் என்னும் திறந்த மூலத் தேடல் நிரல் நூலகத்தையோ அதன் மேல் கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச்சையோ பயன்படுத்தலாம். 2016இல் வெளியான ஆறாம் பதிப்பு முதல் லூசீனில் பிஎம்25தான் இயல்நிலை. இருந்தாலும், சொல்லடைவையும் பிஎம்25ஐயும் ஒருமுறை பைத்தானில் நீங்களே எழுதி, இரு முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: பொருத்தத் தீர்ப்புகள்

தேடலின் தரத்தை அளக்கச் சிரில் கிளெவர்டன் 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை: நிலையான தொகுப்பு, நிலையான வினவல்கள், எந்த ஆவணம் பொருந்தும் என்று மனிதர் தந்த தீர்ப்புகள். அவருடைய தொகுப்பில் 1,400 ஆவணங்களும் 225 வினவல்களும் இருந்தன. 10,000 ஆவணங்களையும் ஒவ்வொரு வினவலுக்கும் படிக்க இயலாது என்பதால், நீங்கள் ஒப்பிட விரும்பும் எல்லா முறைகளின் முதல் 20 அல்லது 30 முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து, எந்த முறை தந்தது என்பதை மறைத்து, கலைத்துப்போட்டுத் தீர்ப்பாளர்களிடம் கொடுங்கள்.

ஒரு வினவலுக்கு இருவர் தீர்ப்பளிக்க வேண்டும். அப்போதுதான் வினவலின் உண்மை நிலை தெரியும். "அடையாறு வெள்ளம் காரணம்" என்ற வினவலுக்கு, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தீர்ப்பாளர் இருவர் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இளையவர், "இதுல தண்ணி எங்கெங்க நின்னுச்சுன்னுதான் இருக்கு, ஏன் வந்துச்சுன்னு இல்லையேக்கா" என்கிறார். மூத்தவர் பக்கத்தைப் புரட்டி, "மூணாவது பத்தியப் பாருப்பா, செம்பரம்பாக்கத்துல தண்ணி திறந்துவிட்டத ஒரு வரியில சொல்லியிருக்கே, அது காரணம் இல்லையா?" என்கிறார். இருவரும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ஒரு வரிக் குறிப்பு போதுமா என்பதை வினவலின் மூன்றாம் பகுதி சொல்லவில்லை. குறை அங்கே இருக்கிறது. பொருந்தாது, ஓரளவு பொருந்தும், முழுமையாகப் பொருந்தும் என்று மூன்று நிலைகள் வைத்தால் இத்தகைய வாதங்களில் பெரும்பாலானவை நடு நிலையில் அமைதியாக அமரும்.

உடன்பாட்டை விழுக்காட்டில் மட்டும் சொல்லாதீர்கள். இருவரும் 100 ஆவணங்களில் 85இல் ஒத்துப்போகிறார்கள் என்றால் நன்றாகத்தான் தோன்றும். ஆனால் இருவருமே ஐந்தில் ஒன்றைத்தான் பொருந்தும் என்று குறிக்கிறார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 68இல் ஒத்துப்போவார்கள். தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கோகனின் கப்பா அளவு அப்போது 0.53தான், வினவல் விளக்கங்களைத் திருத்தி எழுத வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

ஆறாம் படி: அளவீடு

மூன்று பொருந்தும் ஆவணங்கள் உள்ள வினவலில் அவை 1, 3, 6 ஆகிய இடங்களில் வந்தால், அந்த இடங்களில் துல்லியம் (அதுவரை வந்தவற்றில் பொருந்துவனவற்றின் பங்கு) முறையே 1.00, 0.67, 0.50; சராசரித் துல்லியம் 0.72. தீர்ப்பு மூன்று நிலைகளில் இருப்பதால், யார்வெலினும் கேகலைனனும் 2002இல் விரிவாக வகுத்த, பொருத்தத்தின் நிலையையும் வரிசையில் அதன் இடத்தையும் கணக்கில் கொள்ளும் என்டிசிஜி அளவு உங்களுக்கு இன்னும் பொருத்தமானது. இரு முறைகளின் சராசரிகளை மட்டும் ஒப்பிட்டு வெற்றி அறிவிக்கக் கூடாது. ஒவ்வொரு வினவலிலும் உள்ள வேறுபாட்டை எடுத்து, அது தற்செயலா என்று பார்க்கும் இணை டி சோதனையோ சமவாய்ப்புச் சோதனையோ நடத்துங்கள். அளபுருக்களைச் சரிசெய்யப் பயன்படுத்திய வினவல்களை இறுதி மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

பிறகு, மிக மோசமாகத் தோற்ற பத்து வினவல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சராசரி எண் சொல்லாததை இந்தப் பத்தும் சொல்லும். தோல்விக்கான காரணம் அளபுருக்களில் கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஒரு "ஆற்றல்" அல்லது ஒரு "ஏரியைப்" மூன்றாம் படியில் தப்பி வந்திருப்பது கண்ணில் படும்.

ஏழாம் படி: சேவையாக நிறுத்துதல்

ஆய்வகத்தில் ஓடும் நிரலைப் பிறர் அழைக்கும் சேவையாக மாற்றும்போது, அதைப் பல சிறு சேவைகளாகப் பிரிக்க ஆசை வரும்: எழுத்து இயல்பாக்கம் ஒன்று, உருபு நீக்கம் ஒன்று, அடைவு ஒன்று, வரிசைப்படுத்தல் ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே 99.5 விழுக்காடு நேரம் இயங்குகிறது என்றும், நான்கும் இயங்கினால்தான் விடை வரும் என்றும் வைத்துக்கொண்டால், மொத்த அமைப்பு இயங்கும் நேரம் 98.0 விழுக்காடாகக் குறையும். 30 நாள் மாதத்தில் அது 14 மணி நேரத்துக்கு மேல் முடக்கம். ஒரே சேவையாக இருந்திருந்தால் 3.6 மணி நேரம். எனவே இயல்பாக்கத்தையும் உருபு நீக்கத்தையும் தனிச் சேவையாக்காமல், அடைவாக்கும் நிரலும் தேடும் நிரலும் பகிர்ந்துகொள்ளும் ஒரே நிரல் நூலகத் தொகுதியாக வையுங்கள். அந்தத் தொகுதிக்குப் பதிப்பு எண் கொடுத்து, அடைவின் தலைப்பிலேயே அதைப் பதிந்து, எண் பொருந்தாவிட்டால் சேவை தொடங்க மறுக்கும்படி செய்யுங்கள். ஒரு பதிப்பில் உருவான அடைவை வேறு பதிப்பின் வினவலால் தேடும் அமைப்பு பிழைச் செய்தி எதுவும் தராது. விடைகள் மட்டும் மெல்லக் கெட்டுக்கொண்டே போகும்.

தொகுப்பு பெரிதாகி, அடைவை ஐந்து கணினிகளில் பகிர வேண்டி வந்தால் எண்ணிக்கைச் சிக்கல் புதிய உருவில் வரும். 400 ஏரி ஆவணங்களில் 300, ஒரே மூலத்திலிருந்து வந்ததால் ஒரே பகுதியில் குவிந்துவிட்டன என்றும், மற்ற நான்கு பகுதிகளில் 25 வீதம் உள்ளன என்றும் கொள்வோம். ஒவ்வொரு பகுதியிலும் 2,000 ஆவணங்கள். ஒவ்வொரு கணினியும் தன் பகுதியை மட்டும் பார்த்து எடை கணக்கிட்டால், குவிந்த பகுதியில் "ஏரி"யின் எடை 1.90, மற்றவற்றில் 4.36. ஏரிகளைப் பற்றி மிகுதியாகப் பேசும் ஆவணங்களே கீழே தள்ளப்படும். ஆவணங்களைச் சமவாய்ப்பில் கலைத்துப் பகிர்வது முதல் தீர்வு. எல்லாப் பகுதிகளின் எண்ணிக்கையையும் முதலில் திரட்டிவிட்டுப் பிறகு தேடுவது இரண்டாவது. எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கென்றே தேடல் வகை ஒன்று இருக்கிறது.

பகிர்வதால் வேகத்துக்கும் பாதிப்பு உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் ஜெஃப் டீனும் லூயிஸ் பர்ரோசோவும் 2013இல் விளக்கியது போல, ஒரு கணினி நூற்றில் ஒரு முறை மட்டுமே தாமதித்தாலும், ஒரு வினவல் 100 கணினிகளின் விடைக்காகக் காத்திருந்தால் நூற்றுக்கு 63 வினவல்கள் தாமதமாகும். ஐந்து கணினிகளிலேயே அது ஏறக்குறைய 5 விழுக்காடு. ஆகவே சராசரி நேரத்தை அளப்பதோடு நிற்காமல், நூற்றில் 99 வினவல்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்றும் அளவிடுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் காலவரம்பு வையுங்கள். வரம்புக்குள் வந்த பகுதிகளின் விடையைக் காட்டி, விடை முழுமையற்றது என்பதையும் பயனருக்குச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு போன்றவற்றுக்கு வெளிச் சேவைகளை அழைக்கும்போது எதை நம்புவது என்ற கேள்வி எழும். ஒரு சேவை 3 அழைப்புகளில் 3 முறையும் வென்றது. இன்னொன்று 100இல் 98 முறை வென்றது. நேர் விகிதத்தில் முதலாவதே மேல். வெற்றியோடு 1, மொத்தத்தோடு 2 கூட்டிச் சமன்படுத்தினால் முதலாவது 0.80, இரண்டாவது 0.97. நான்காம் படியில், ஆவணத்தில் வராத சொல்லுக்குத் தொகுப்பிலிருந்து கடன் வாங்கினோமே, அதே நியாயம்தான் இங்கும்: குறைந்த சான்றை முழுமையாக நம்பாமல், முன்னறிவோடு கலந்து மதிப்பிடுகிறோம்.

எட்டாம் படி: பதிந்து வெளியிடுதல்

தொகுப்பின் தரவிறக்க நாள், இயல்பாக்க விதிகள், உருபு விதிகள், ஊர்ப்பெயர்ப் பட்டியல், அளபுருக்கள் ஆகியவற்றை நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வையுங்கள். முடிவுகளையும் தீர்ப்புகளையும் டிரெக் வடிவக் கோப்புகளாகச் சேமித்தால், உலகெங்கும் பயன்படும் மதிப்பீட்டு நிரல் அவற்றை அப்படியே படிக்கும். இந்திய மொழிகளுக்காக 2008 முதல் நடைபெறும் ஃபயர் மதிப்பீட்டு மன்றத்தில் தமிழுக்கும் தேடல் பணிகள் இருந்துள்ளன. உங்கள் முறையை அந்தத் தரவிலும் இயக்கிப் பார்த்தால், சென்னை ஏரிகளுக்காகச் செதுக்கிய விதிகள் வேறு துறைச் செய்திகளில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது தெரியும்.

சேவை இயங்கத் தொடங்கியதும் பயனர் வினவல்களைச் சேகரியுங்கள்; ஆனால் யார் தேடினார் என்ற விவரத்தைச் சேமிக்காதீர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோர், ஒகர ஓகாரத்தை மாற்றுவோர், பாதி ஆங்கிலச் சொல்லோடு கேட்போர் என நீங்கள் எழுதிய 50 வினவல்களில் இடம்பெறாதவர்கள் அதில் வருவார்கள். மாதம் ஒருமுறை அந்தப் பதிவிலிருந்து சமவாய்ப்பில் பத்து வினவல்களை எடுத்து, மூன்று பகுதிகளும் எழுதி, இரு தீர்ப்பாளர்களிடம் கொடுத்து, தீர்ப்புக் கோப்பின் அடுத்த பதிப்பாக வெளியிடுங்கள்.